செவிலிப் பெண்ணும் ஆசிரியர் சொல்லும்

(வாலாஜாபாத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



இன்று மாலை நான் எடுத்துக்கொண்டிருக்கும் விஷயம் மேடைகளில் அதிகம் பேசப்படாத ஒன்று. ஆண்டுதோறும் மே மாதம் 12ஆம் தேதி, நைட்டிங்கேல் அம்மையார் பிறந்த நாளன்று, விளக்கேற்றி உறுதிமொழி எடுத்துச் செவிலியரின் தொண்டினை மனமாரப் புகழ்கிறோம். அதில் குறையொன்றும் இல்லை. ஆனால் அந்தத் தொண்டுக்குத் தன்னைத் தயார் செய்துகொள்ளும் பருவத்தில், பதினெட்டு வயதுப் பெண்ணொருத்தி, தனக்குக் கற்பிக்கக் கடமைப்பட்டவர்களின் வாயிலிருந்தே ‘நீ இதற்கு லாயக்கில்லை’ என்னும் சொல்லைக் கேட்டுவிட்டு, விடுதி அறையில் விளக்கணைந்த பிறகும் தூங்காமல் கிடப்பதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. செவிலியர் பள்ளிகளில் நெடுங்காலம் கற்பித்தவள் என்ற உரிமையில் நான் அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

இவ்விஷயத்தை மற்ற ஊர்களைவிட வாலாஜாபாத்தில் பேசவேண்டிய அவசியம் அதிகம் என்பது என் அபிப்பிராயம். 1998இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் தயாராகத் தொடங்கி, 2010இல் ஒரகடத்தில் ரெனோ நிஸான் ஆலை திறக்கப்பட்டு, சுங்குவார்சத்திரத்தில் மின்னணுச் சாமான்கள் செய்யும் பெரிய தொழிற்சாலைகளும் வந்து சேர்ந்த பின்னர், இந்த வட்டாரத்துக் குடும்பங்களின் வாழ்க்கைக் கணக்கே மாறிப்போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்குச் சுற்றுவட்டாரத்திலேயே வேலை கிடைக்கிறது. விடியற்காலையில் கம்பெனி பஸ் வீட்டுத் தெருமுனைக்கே வந்து நிற்கிறது. மாதம் முடிந்தால் சம்பளம் கைக்கு வருகிறது. அந்த வேலையை நான் ஒருபோதும் இழிவாகப் பேசமாட்டேன். எத்தனையோ வீடுகளில் அடுப்பு எரிவதும் கடன் அடைவதும் அதனால்தான். நான் கவனிக்கச் சொல்வது வேறு. தொழிற்சாலை இல்லாத ஊரில் மனமுடைந்து படிப்பை விட்டு வீட்டுக்கு வந்த பெண்ணை, இரண்டு மாதம் கழித்துத் தாயும் மாமனும் பேசிச் சமாதானப்படுத்தி, மறுபடி கல்லூரி வாசலில் கொண்டுபோய் விட முடிகிறது. இங்கேயோ, வெள்ளிக்கிழமை அழுதுகொண்டே வந்த பெண் அடுத்த மாதமே ஷிஃப்டுக்குப் போய்விடுகிறாள். முதல் சம்பளம் வந்தவுடன் அந்தப் பணத்தை நம்பிக் குடும்பத்தில் ஒரு செலவு ஏற்பட்டுவிடுகிறது. பிறகு அவள் திரும்பிப் போக நினைத்தாலும் போகமுடிவதில்லை. ஆகையால் வேறிடத்தில் ஒரு வாரத்து மனவருத்தமாக முடிந்துபோகக்கூடிய ஒரு கடுஞ்சொல், இந்தப் பிரதேசத்தில் ஒரு ஜீவியத்தின் திசையையே மாற்றிவிடுகிறது.

அந்தச் சொற்கள் எப்படிப்பட்டவை என்று பெற்றோர்களாகிய உங்களுக்குத் தெரியாமலிருக்கலாம். ‘இங்கிலீஷே வரவில்லை, உன்னை யார் இங்கே சேர்த்தது?’ என்பது ஒன்று. ‘கை இப்படி நடுங்குகிறதே, நீ பேஷண்டைக் கொன்றுவிடுவாய்’ என்பது மற்றொன்று. ‘கல்யாணம் ஆகும்வரை பொழுது போக்க வந்திருக்கிறாய்’ என்றும், ஆண்பிள்ளையாக இருந்தால் ‘டாக்டர் ஆகமுடியாமல் இதற்கு வந்தாயா?’ என்றும் கேட்பவர்கள் இருக்கிறார்கள். இவை தனியறையில் சொல்லப்படுவதும் இல்லை. வார்டின் நடுவே, சக மாணவிகளும் நோயாளிகளும் அவர்களுடைய உறவினரும் கேட்கும்படி சொல்லப்படுகின்றன. நம் நாட்டுக்கு மட்டும் உரிய குறையாகவும் இதை எண்ணவேண்டாம். அமெரிக்க தேசத்தில் ஜூடித் மைஸ்னர் என்ற செவிலி ஆசிரியை, நாம் நம்முடைய குஞ்சுகளை நாமே தின்றுகொண்டிருக்கிறோமா என்ற கேள்வியைத் தலைப்பாக்கி 1986இல் ஒரு கட்டுரை எழுதினார். அது இன்றுவரை அந்தத் தொழிலில் உள்ளவர்களிடையே விவாதத்துக்கு வந்துகொண்டிருக்கிறது.

இந்த இடத்தில் ஆசிரியர்களுக்கு நியாயம் செய்வது என் கடமை. மற்றப் பல கல்விகளில் மாணவனுடைய பிழை காகிதத்தோடு நின்றுவிடும். செவிலிக் கல்வியில் அது ஒரு மனித உடம்பில் போய் விழுகிறது. நீரிழிவுக்குக் கொடுக்கும் இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் அது ஒரு மில்லி லிட்டருக்கு 40 யூனிட் என்றும் 100 யூனிட் என்றும் இருவகையாக வருகிறது. 40க்குரிய சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி. 100க்குரிய சிரிஞ்சுக்கு ஆரஞ்சு மூடி. கவனக்குறைவாக 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடிச் சிரிஞ்சில் 20ஆம் கோடு வரையில் இழுத்துவிட்டால், நோயாளியின் உடம்புக்குள் போவது 20 யூனிட் அன்று, 50 யூனிட். ரத்தத்தில் சர்க்கரை இறங்கி, வியர்த்து, பிதற்றி, நினைவிழந்து, உடனே கவனிப்பார் இல்லையென்றால் உயிருக்கே ஆபத்தாக முடியும். பொட்டாசியம் குளோரைடைக் கரைசலில் கலக்காமல் நேரே நரம்பில் ஏற்றினால் இதயம் நின்றுபோகும். இப்படிப்பட்ட மருந்துகளை நாள்தோறும் கையாளப்போகும் பெண்ணிடம் ஆசிரியர் கண்டிப்பாக இல்லாவிட்டால் அதுதான் துரோகம். ஆகவே கண்டிப்பை நான் குறை கூறவில்லை; மாணவிகளும் அதற்கு வருந்தக்கூடாது.

ஆனால் கண்டிப்பு என்பது செய்த காரியத்தின்மேல் நிற்கவேண்டும். பக்கத்தில் அய்யம்பேட்டையில் தறி பழகவரும் சிறு பையனை மூத்த நெசவாளி கண்டிப்பதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். அறுந்த இழையைத் தொட்டுக் காட்டி, பாவு எங்கே தளர்ந்தது, ஊடை எங்கே தவறியது என்று சொல்லி, பிரித்து மறுபடி நெய்யச் சொல்வாரேயொழிய, உன் குலத்துக்கும் கைக்கும் தறி ஏறாது என்று ஒரு நல்ல தொழிலாளி சொல்லமாட்டார். ‘சிவப்பு மூடியை ஏன் பார்க்கவில்லை?’ என்று கேட்பது ஆசிரியருடைய தர்மம். ‘நீ ஜன்மத்தில் நர்ஸ் ஆகமாட்டாய்’ என்பது ஜோசியம்; அதைச் சொல்லும் அதிகாரம் எந்த ஆசிரியருக்கும் எந்தப் பல்கலைக்கழகமும் கொடுத்ததில்லை.

அந்த ஜோசியம் எத்தனை முறை பொய்த்திருக்கிறது என்பதற்கு நம் சென்னை ராஜதானியின் சரித்திரமே சாட்சி. மேரி ஷார்லீப் என்ற ஆங்கில மாது, பாரிஸ்டராகிய தம் கணவருடன் 1866இல் சென்னைக்கு வந்தவர். ஆண் வைத்தியர் தொடக்கூடாது என்னும் கட்டுப்பாட்டினால் இங்குள்ள பெண்கள் பிரசவ காலத்தில் சிகிச்சையின்றி மாண்டுபோவதைக் கேள்விப்பட்டு மனம் பொறாமல், முதலில் எழும்பூர்ப் பிரசவ ஆஸ்பத்திரியில் மருத்துவச்சிப் பயிற்சி பெற்றார். அது போதவில்லை என்று கண்டு, 1875இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்த நான்கு பெண்களுள் ஒருவரானார். அந்நாளில் பெண்களுக்குக் கதவு திறந்துவிட்ட மருத்துவக் கல்லூரிகள் உலகத்திலேயே சிலவே. கல்லூரிக் கதவு திறந்தது. ஆனால் கற்பிக்க வேண்டியவர்களின் மனக்கதவு எல்லா இடத்திலும் திறந்துவிடவில்லை. அந்த நான்கு பெண்களும் வார்டுகளைச் சுற்றி நடப்பதைத் தம்மால் தடுக்கமுடியாது என்றும், ஆனால் தாம் அவர்களுக்கு ஒன்றும் கற்பிக்கப்போவதில்லை என்றும் அவர்களுடைய முகத்துக்கு நேரே சொன்ன ஆசிரியர் ஒருவரும் இருந்தார்.

இந்தச் செய்தியை நான் பலமுறை மனத்தில் வைத்து எண்ணிப் பார்த்ததுண்டு. மாணவிக்கு இதைவிடப் பெரிய அதைரியம் என்ன இருக்கமுடியும்? திட்டுகிற ஆசிரியராவது நம்மைப் பொருட்படுத்தித் திட்டுகிறார். கற்பிக்கவே மாட்டேன் என்பவர் நம்மை ஆளாகவே மதிக்கவில்லை. அப்பெண்கள் செய்தது என்ன? தடுக்கமுடியாது என்று அவர் ஒப்புக்கொண்ட அந்த ஒன்றை, அதாவது வார்டில் நடப்பதை, விடாமல் செய்தார்கள். 1878இல் படிப்பை முடித்த ஷார்லீப் அம்மையார் லண்டன் சென்று, 1882இல் அங்கேயும் பட்டம் பெற்றுத் திரும்பி, 1885இல் திரைமறைவில் வாழ்ந்த கோஷாப் பெண்களுக்கென்று சென்னையில் ஓர் ஆஸ்பத்திரியை நிறுவினார். திருவல்லிக்கேணியில் இன்று கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை என்று வழங்கும் ‘கோஷா ஆஸ்பத்திரி’ அதுதான்; இந்த அவையில் இருப்பவர்களுள் சிலரே அங்கே பிறந்தவர்களாக இருக்கக்கூடும்.

ஷார்லீப் அம்மையார் ஆளும் இனத்தைச் சேர்ந்தவர், வசதியுள்ள வீட்டுப் பெண், அவருக்குக் கவர்னர் மாளிகை வரையில் செல்வாக்கு இருந்திருக்கும் என்று நீங்கள் சொல்லலாம். மெய்தான். கல்விக் கடனில் படிக்கும் நம் பெண்ணை அவரோடு சமமாக வைத்துப் பேசினால் அது நேர்மையன்று. ஆகையால் இன்னும் அருகில் வருவோம். நம் ஊரைத் தொட்டுப்போகும் இதே பாலாற்றின் கரையில், மேற்கே, ராணிப்பேட்டையில் 1870இல் பிறந்த ஐடா ஸ்கடர் அம்மையார், வேலூரில் 1909இல் செவிலியர் பயிற்சிப் பள்ளியைத் தொடங்கி, 1918இல் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியையும் தொடங்க முனைந்தபோது, மூன்று பெண்கள் விண்ணப்பித்தாலே பெரிய அதிர்ஷ்டம் என்று ராஜதானியின் வைத்திய இலாகாத் தலைவரே சொன்னார். வந்த விண்ணப்பங்கள் 151. முதலாண்டுப் பரீட்சை வந்தது. ஆண்களே ஏராளமாகத் தோற்கும் பரீட்சை, உங்கள் பெண்கள் ஒருவர்கூடத் தேறாவிட்டாலும் மனந்தளரவேண்டாம் என்று அவருக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்லி அனுப்பினார்கள். பரீட்சை எழுதிய பதினான்கு பெண்களும் தேறினார்கள். ராஜதானி முழுவதும் எழுதிய ஆண்களில் ஐந்தில் ஒரு பங்கினரே தேறினர். அந்தப் பதினால்வர் அரசகுமாரிகள் அல்லர். சாதாரண வீட்டுப் பெண்கள். அதே வேலூரில்தான் 1946இல் செவிலியர் கல்விக்குப் பட்டப் படிப்பும் தொடங்கியது. டில்லியைத் தவிர அந்நாளில் இந்தியாவில் வேறெங்கும் அது இல்லை. அதே ஆண்டில் வெளிவந்த, நாட்டின் சுகாதார நிலையை ஆராய்ந்த போர் (Bhore) கமிட்டியின் அறிக்கை, இந்நாட்டில் 43,000 பேருக்கு ஒரு செவிலிதான் இருக்கிறாள் என்று எழுதியது. அந்த வறுமையிலிருந்து நாம் வெகுதூரம் வந்துவிட்டோம். வந்தது, யாரோ லாயக்கில்லை என்று சொன்னபிறகும் வார்டை விட்டுப் போகாத பெண்களால்.

இனி, ஆசிரியர்களும் வார்டு சிஸ்டர்களும் சிந்திக்கவேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். இன்றைய பேச்சில் நான் மிக முக்கியமாகக் கருதுவது இதுவே. அவமானப்படுத்துவதனால் கெடுவது மாணவியின் மனம் மட்டுமன்று. கட்டிலில் படுத்திருக்கும் நோயாளியின் க்ஷேமமும் கெடுகிறது. ஏமி எட்மண்ட்சன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர், இரண்டு ஆஸ்பத்திரிகளில் எட்டு வார்டுகளை எடுத்துக்கொண்டு, மருந்து கொடுப்பதில் ஏற்படும் பிழைகளை ஆராய்ந்து, 1996இல் அதன் முடிவை வெளியிட்டார். தலைமைச் செவிலி அன்போடும் ஒழுங்கோடும் நடத்துகின்ற வார்டில் பிழைகள் குறைவாக இருக்கும் என்றுதான் எவரும் எதிர்பார்ப்பார்கள். கண்டதோ நேர்மாறாக இருந்தது: நல்ல வார்டுகளில்தான் அதிகமான பிழைகள் பதிவாகியிருந்தன. காரணத்தை ஆராய்ந்தபோது, அங்கே பிழைகள் அதிகம் நடக்கவில்லை, நடந்தவற்றை அங்கே வெளியே சொன்னார்கள் என்பது புலப்பட்டது. திட்டுக்கும் தண்டனைக்கும் பயந்த வார்டுகளில் பிழைகள் மறைக்கப்பட்டன. ஏட்டில் அவை இல்லை, நோயாளியின் உடம்பில் இருந்தன. மாணவிகளை நடுநடுங்க வைத்திருக்கும் ஒரு வார்டைக் கண்டு ‘எவ்வளவு ஒழுங்கு!’ என்று வியக்கும் மேலதிகாரிகள் இதைக் கேட்கவேண்டும். தப்பான மருந்தைக் கொடுத்துவிட்ட பெண், ஐந்து நிமிஷத்துக்குள் ஓடிவந்து ‘சிஸ்டர், தவறு செய்துவிட்டேன்’ என்று சொன்னால் நோயாளி பிழைப்பார். சொன்னால் அவமானம் என்று மறைத்தால் பிழைப்பது சந்தேகம். அவள் ஓடிவருவாளா, மறைப்பாளா என்பதை நேற்றும் முந்தாநாளும் நீங்கள் அவளிடம் பேசிய பேச்சுத்தான் தீர்மானிக்கிறது.

மாணவிகளே, இப்போது உங்களிடம் வருகிறேன். ஆசிரியர்கள் எல்லாரும் திருந்தும்வரை நீங்கள் காத்திருக்கமுடியாது. கடுஞ்சொல் கேட்ட அன்று அந்தச் சொல்லில் உங்கள் வேலையைப் பற்றிய பகுதி எது, உங்களைப் பற்றிய பகுதி எது என்று பிரித்துப் பாருங்கள். வேலையைப் பற்றிய பகுதியைத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதுங்கள். மற்றதை எழுதவேண்டாம். மறுநாள் அந்த ஆசிரியை சற்று ஓய்வாக இருக்கும் நேரம் பார்த்துச் சென்று, ‘மேடம், நேற்று எந்த ஸ்டெப்பில் தவறினேன் என்று சொல்லுங்கள், திரும்பச் செய்து காட்டுகிறேன்’ என்று கேளுங்கள். இதைக் கேட்கத் துணிச்சல் வேண்டும், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கோபத்தில் பேசும் ஆசிரியர்களுள் பெரும்பாலோர் இந்தக் கேள்விக்கு முன் கோபத்தை விட்டுவிடுவதை நான் கண்டிருக்கிறேன். கை நடுங்குவது பாவம் அன்று. லேபில் இருக்கும் பொம்மைக் கையில் மற்ற மாணவிகள் போனபிறகும் நின்று பழகுங்கள்; நடுக்கத்துக்குப் பழக்கமே மருந்து.

நீங்கள் மெதுவாகச் செய்கிறீர்கள் என்று சொல்லப்பட்டால் அதற்காகக் கலங்கவேண்டாம். பட்ரீஷியா பென்னர் என்ற செவிலிப் பேராசிரியை, கற்றுக்குட்டி நிலையிலிருந்து வல்லுநர் நிலை வரையில் ஒரு செவிலி ஐந்து படிகளைக் கடக்கிறாள் என்று 1984இல் வெளியிட்ட தம் நூலில் விளக்கினார். ஒரே வகையான வார்டில் இரண்டு மூன்று வருஷம் வேலை செய்தபிறகே நடுப்படியாகிய மூன்றாம் படிக்கு வரமுடியும் என்பது அவர் கண்ட முடிவு. அதுவும் படித்து முடித்து வேலைக்கு வந்த செவிலிகளுக்கு. இரண்டாம் ஆண்டு மாணவி, விதியை ஒவ்வொன்றாக நினைவு கூர்ந்து, கையுறையை மாட்டி, மருந்தின் பெயரை மூன்று முறை வாசித்து, நிதானமாகச் செய்வதுதான் இயற்கை, அவசரப்பட்டால்தான் பயப்படவேண்டும்.

இங்கிலீஷைப் பற்றியும் சொல்லவேண்டும், ஏனென்றால் தமிழில் படித்துவந்த பிள்ளைகளைக் குத்துவதற்கு அதிகம் பயன்படும் கத்தி அதுவே. வைத்திய பதங்கள் பெரும்பாலும் கிரேக்கத்திலிருந்தும் லத்தீனிலிருந்தும் வந்தவை. லண்டனில் பிறந்த பெண்ணும் முதல் ஆண்டில் அவற்றை மனப்பாடம்தான் செய்யவேண்டும். நாளொன்றுக்குப் பத்துப் பதங்களை, பொருளோடு, உரக்கச் சொல்லிப் படித்தால் ஒரு வருஷத்தில் பாடப்புத்தகம் கைவசமாகிவிடும். அதே சமயம், செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் உத்திரமேரூர்க் கிழவி, தனக்கு எங்கே வலி, எப்படிப்பட்ட வலி, குடைகிறதா, சுண்டி இழுக்கிறதா, எரிகிறதா என்பதைத் தமிழில்தான் சொல்வாள். அதைச் சரியாகக் கேட்டுச் சரியாக எழுதத் தெரிந்தவள் அந்த வார்டின் செல்வம். அந்தச் செல்வம் உங்களிடம் முன்னமே இருக்கிறது.

எல்லாவற்றையும் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று சொல்ல நான் வரவில்லை. ஜாதியைச் சொல்லி, நிறத்தைச் சொல்லி, உடம்பைச் சொல்லி, பெற்றோரின் ஏழ்மையைச் சொல்லி ஒருவர் பேசினால் அது போதனை அன்று, குற்றம். தேதி, இடம், சொன்ன வார்த்தை, உடனிருந்தவர்கள் ஆகியவற்றை எழுதிக்கொண்டு, தனியாகப் போகாமல் பெற்றோருடனோ தோழியருடனோ சென்று முதல்வரிடம் எழுத்தில் கொடுங்கள். ஒரு பிரதியைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். மனம் மிகவும் சோர்ந்து, உயிரோடிருப்பதே வேண்டாம் என்ற எண்ணம் தலைதூக்கினால், அது உங்கள் பலவீனம் என்று எண்ணி ஒளிக்காதீர்கள். மனநல உதவிக்கான 14416 என்ற எண்ணுக்கு எந்த நேரமும் கட்டணமின்றிப் பேசலாம், தமிழிலேயே பேசலாம். காய்ச்சலுக்கு மருந்து கொடுக்கக் கற்கும் நீங்கள், மனக்காய்ச்சலுக்கு மருந்து உண்டு என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாகப் பெற்றோர்களிடம் என் வேண்டுகோள். உங்கள் பெண் கண் கலங்கி வீட்டுக்கு வந்தால், ‘அப்போதே சொன்னேன், கம்பெனிக்குப் போயிருக்கலாம்’ என்ற வார்த்தையை அன்று சொல்லாதீர்கள். ஆசிரியர் ஒருவர் லாயக்கில்லை என்று சொன்னதை அவள் தாங்கிக்கொள்வாள். அதையே தகப்பனும் சொல்வதை அவளால் தாங்கமுடியாது. அவளைச் சாப்பிட வைத்து, தூங்க வைத்து, நடந்ததை முழுவதும் கேளுங்கள். படிப்பை நிறுத்தும் முடிவை அந்த வாரத்தில் எடுக்கவேண்டாம். அந்த செமஸ்டர் தேர்வு முடிகிற வரையில் தள்ளிவையுங்கள். கல்லூரிக்கு ஒரு முறை நேரில் சென்று முதல்வரைப் பாருங்கள். தகப்பனார் வேலைக்கு விடுப்புப் போட்டுவிட்டு வந்து நின்றார் என்பதே அந்தக் கல்லூரியில் அவளுக்கு ஒரு மதிப்பைத் தரும். பணம்தான் தடை என்றால், அரசுப் பள்ளியில் ஆறு முதல் பன்னிரண்டு வரை படித்து உயர்கல்விக்குச் சென்ற பெண்களுக்கு மாதம் 1,000 ரூபாய் கொடுக்கும் புதுமைப்பெண் திட்டம் 2022 செப்டம்பர் முதல் நடைமுறையில் இருக்கிறது. உங்கள் பெண்ணுக்கு அது வருகிறதா என்று கல்லூரி அலுவலகத்தில் விசாரியுங்கள். வரவில்லையென்றால் அதன் காரணத்தையும் இந்த வாரமே விசாரியுங்கள்.